நாற்பத்து நான்கு மாதக் காய்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
23 மார்ச் 2025, ஆனேக்கல்
நற்செய்தி: லூக்கா 13:1-9



இன்னும் சற்று நேரத்தில் காணிக்கைப் பவனி வரும். அப்பம், இரசம், பூ, பழங்களோடு வழக்கம்போலத் தேங்காயும் பீடத்துக்கு வரும். இந்த ஆண்டு சந்தையில் தேங்காய் விலை எங்கே போய் நிற்கிறது என்று இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். சட்னிக்கு அரைமூடி துருவியவர்கள் கால்மூடியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அப்படியிருந்தும் காணிக்கைத் தட்டில் தேங்காயை நீங்கள் குறைக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லி, அந்தத் தேங்காயைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதற்கு என்ன வயது? பறித்து ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். பறிப்பதற்கு முன், பாளை வெடித்து, குரும்பையாகி, இளநீராகி, முற்றிய காயாக ஏறக்குறைய 12 மாதம். அப்படியானால் 2024 மார்ச் மாதத்தில் அந்தப் பாளை வெடித்திருக்கும். அந்த மார்ச்சை நாம் மறக்கவில்லை. பெங்களூரு முழுவதும் போர்வெல்கள் காற்று இறைத்தன. டேங்கர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நின்றோம். நமக்கே தண்ணீர் இல்லாதபோது மரத்துக்கு யார் ஊற்றியிருப்பார்கள்? அந்தக் கோடையில் வெடித்த பாளைகளில் குரும்பை கொட்டியது. கொட்டாமல் தப்பியவைதான் இன்று சந்தைக்கு வருகின்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோப்புகளைப் பிடித்திருக்கும் வெள்ளை ஈயும் விலைக்கு ஒரு காரணம். பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் முதன்முதலாகக் காணப்பட்ட பூச்சி அது. அதன் கழிவில் வளரும் கரும்பூசணம் ஓலையைக் கறுப்பாக்கிவிடுகிறது. ஆனால் பெரிய காரணம் தண்ணீர்தான். 2023இல் கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது.

காயின் பிறந்தநாள் பாளை வெடித்த நாளும் அல்ல. அதற்கு 32 மாதங்களுக்கு முன்பே, மரத்தின் உச்சியில், குருத்துக்கு உள்ளே, வெளிவராத ஓர் ஓலையின் இடுக்கில், கண்ணுக்கே தெரியாத ஒரு முகிழாக அந்தப் பாளை தொடங்கிவிடுகிறது. 32 மாதமும் 12 மாதமும் சேர்ந்தால் 44 மாதம். மூன்று ஆண்டு, எட்டு மாதம். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். இன்று பீடத்துக்கு வரும் காய் 2021 சூலை மாதத்தில் தொடங்கியது.

2021 சூலை. கொரோனா இரண்டாம் அலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெங்களூருவின் மயானங்களில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றன. இங்கே இருப்பவர்களில் பலர் அந்த வாரங்களில் அப்பாவையோ அம்மாவையோ கணவரையோ முகம்கூடச் சரியாகப் பார்க்காமல் அடக்கம் செய்தவர்கள். சூலையில் வேலை இல்லை, பள்ளி இல்லை. இனி எதுவும் முளைக்காது என்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாதத்தில், இந்த ஊர்த் தென்னைகளின் குருத்துக்குள் இன்றைய காணிக்கைத் தேங்காய் தொடங்கியிருக்கிறது. அந்த மரத்துக்கு உரியவருக்கும் அது தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நற்செய்திக்கு வருவோம்.

இயேசுவிடம் சிலர் ஒரு கொடிய செய்தி கொண்டுவருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான். இயேசு இன்னொன்றையும் நினைவூட்டுகிறார்: சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே திட்டமாகச் சொல்கிறார். அன்பானவர்களே, 2021இல் நம் வீடுகளில் இறந்தவர்களைப் பற்றி யாராவது உங்களிடம், ஏதோ பாவத்தின் பலன் என்றோ, முன்னோர் செய்ததன் விளைவு என்றோ சொல்லியிருந்தால், அதை இன்றோடு தூக்கி எறிந்துவிடுங்கள். அது ஆண்டவரின் வாக்கு அல்ல. அவர் மறுத்த வாக்கு.

ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர் நம்மிடம் திரும்புகிறார். உயிரோடு இருக்கும் நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். அந்த அழைப்புக்கு அடுத்துத்தான் அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார்.

திராட்சைத் தோட்டத்துக்குள் ஓர் அத்திமரம். உரிமையாளர் மூன்று ஆண்டாக வந்து வந்து பார்க்கிறார். கனி இல்லை. வெட்டிவிடு, இடத்தை ஏன் அடைத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். தோட்டத் தொழிலாளர், இந்த ஓர் ஆண்டு விடுங்கள் ஐயா, சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று கெஞ்சுகிறார். கனி கொடுத்தால் சரி, இல்லையென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்கிறார்.

உரிமையாளரைக் கெட்டவராக்கிப் பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஆனேக்கலில் அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு தோப்புக்காரரும் இன்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அத்திபெலே வரை, சர்ஜாபுரா வரை, ஜிகணி வரை லேஅவுட் வந்துவிட்டது. ஒரு மரம் நிற்கும் இடத்துக்குச் சதுர அடி என்ன விலை என்று ஊருக்கே தெரியும். 25 அடிக்கு ஒரு கன்று என்று ஏக்கருக்கு 70 மரம் வைத்திருப்பவர், ஆண்டு முழுவதும் காய் விற்று வரும் பணத்தையும் ஒரு சைட் விற்றால் வரும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, போர்வெல்லுக்கு வாங்கிய கடன் இருக்கிறது. விற்றவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த உரிமையாளரிடம் ஒன்றுதான் குறை. அவர் வெளியே தெரிவதை மட்டும் வைத்துக் கணக்கை முடித்தார். லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தில் மரம் நடுவோருக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் மூன்று ஆண்டுக் கனியைத் தொடக் கூடாது. நான்காம் ஆண்டின் கனி முழுவதும் ஆண்டவருக்கு. ஐந்தாம் ஆண்டுதான் உங்கள் வீட்டுக்கு. இந்தச் சட்டத்தைக் கேட்டு வளர்ந்த மக்கள் மரத்துக்கும் மனிதனுக்கும் ஒரே கடிகாரம் இல்லை என்று அறிந்திருக்க வேண்டியவர்கள். ராகி விதைத்தால் நான்கு மாதத்தில் களத்துக்கு வந்துவிடும். அவரை இன்னும் சீக்கிரம். தென்னை அப்படியல்ல. நன்றாக இருக்கும் ஒரு மரத்தில் வெளியே முப்பது, முப்பத்தைந்து ஓலை விரிந்திருந்தால், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இன்னும் விரியாத ஓலைகள் குருத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியே வரும். ஒவ்வோர் ஓலைக்கும் ஒரு பாளை. அடுத்த இரண்டரை ஆண்டுக்கான மரம் இப்போதே உள்ளே இருக்கிறது. நாம் பார்ப்பது பாதி மரத்தைத்தான்.

நம் ஊர்த் தென்னை வேறொரு விதத்திலும் கஷ்டப்பட்டு நிற்கும் மரம். அதன் சொந்த இடம் கடற்கரை. கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் வரைதான் அதற்கு ஏற்ற உயரம் என்பார்கள். ஆனேக்கல் 900 மீட்டரையும் தாண்டிய மேட்டு நிலம். தென்னை கேட்பது 27 டிகிரியை ஒட்டிய வெப்பம், காற்றில் ஈரம், ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் 1300 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. இங்கே மார்கழியிலும் தையிலும் இரவெல்லாம் குளிர், மாசி பங்குனியில் உலர்ந்த காற்று, மழையோ சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அடியில் செம்மண், அதற்கும் கீழே பாறை. ஆயிரம் அடி துளைத்தாலும் தண்ணீர் உறுதியில்லை. இத்தனைக்கும் நடுவில் அது காய்க்கிறது, மெதுவாக. கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசம்பட்டியிலிருந்தும் தும்கூர் மாவட்டத்துத் திப்தூரிலிருந்தும் கன்று வாங்கிவந்து வைத்தவர்கள் இதை அறிவார்கள். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும் இந்த மேட்டுக்கு ஏறிவந்து, பொம்மசந்திரா தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்த்துப் பிள்ளைகளை வளர்க்கும் உங்களுக்கும் இது விளங்கும்.

அந்தத் தோட்டத் தொழிலாளர் காலம் மட்டும் கேட்டிருந்தால் இந்த உவமை வெறும் ஒத்திவைப்பாகப் போயிருக்கும். கொத்துகிறேன், எருப் போடுகிறேன் என்று அவர் தன் உழைப்பைச் சேர்த்தே வாக்குக் கொடுத்தார். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் உருவகம் அல்ல. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள், சுண்டுவிரல் தடிமனில், பக்கவாட்டில் ஓடுகின்றன. உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கிறது. அதனால்தான் தண்டிலிருந்து ஆறடி தூரத்துக்கு வட்டப்பாத்தி எடுக்கச் சொல்கிறார்கள். தண்டின் மேலேயே எருவைக் கொட்டினால் வேருக்குச் சேராது. வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் வேண்டும், அதோடு சாம்பல் சத்து வேண்டும். உரிமட்டையைப் பாத்தியில் புதைத்தால் கோடையில் ஈரம் பிடிக்கும், மட்குகையில் சாம்பல் சத்தும் திரும்ப வரும். மரம் கொடுத்ததையே மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை. இதைச் செய்கிறவர் இந்த ஆண்டுக் காய்க்காகச் செய்வதில்லை. இன்று கொத்திப் போடும் எரு 2028இன் இறுதியில்தான் முழுக் காயாகக் கீழே இறங்கும்.

இங்கே பெற்றோரிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காண்டாமிருக வண்டு தென்னையின் விரியாத குருத்துக்குள் துளைத்துப் போகும். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. பல வாரங்கள் கழித்து அந்த ஓலை விரியும்போதுதான், கத்தரிக்கோல் வைத்து வெட்டினது மாதிரி முக்கோண முக்கோணமாக வெட்டு தெரியும். ஓலை விரிந்த பிறகு வெட்டை ஒட்டவைக்க முடியாது. எட்டு வயதுப் பிள்ளையிடம், நீ எதற்கும் லாயக்கில்லை என்று கோபத்தில் சொன்ன சொல் அன்றைக்குத் தெரியாது. குடித்துவிட்டு அம்மாவை அப்பா பேசிய பேச்சைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பிள்ளை அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும். பதினான்கு வயதில் அந்த ஓலை விரியும். அப்போது என்னிடம் அழைத்து வந்து, ஃபாதர், இவன் ஏன் இப்படி ஆகிவிட்டான் என்று கேட்கிறீர்கள். விவசாயிகள் வண்டு வருவதற்கு முன்பே குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வைக்கிறார்கள். பிள்ளையோடு இரவில் பத்து நிமிடம் உட்கார்ந்து செபமாலையில் ஒரு பத்து மணி சொல்வதும், அன்று என்ன நடந்தது என்று கேட்பதும் அந்த வேலைதான். இந்தத் தவக்காலத்தில் வேறெந்த ஒறுத்தலும் முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள்.

இளைஞனாகிவிட்ட மகனைப் பற்றிக் கவலைப்படும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். அவன் திருப்பலிக்கு வருவதில்லை. ஞாயிறும் ஷிப்டு, இல்லையென்றால் தூக்கம். மூன்று ஆண்டாகச் செபிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். குரும்பை கொட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நீங்கள். நல்ல மரத்திலும் பாதிக்கு மேற்பட்ட குரும்பை கொட்டிவிடும். அது மரம் செத்ததன் அடையாளம் அல்ல. நீங்கள் அவனுக்கு மூன்று வயதில் கற்றுக்கொடுத்த சிலுவை அடையாளம் எங்கே போய்விட்டது என்று நினைக்கிறீர்கள்? அவனைத் திட்டுவதை விடுங்கள், செபிப்பதை விடாதீர்கள். அவன் இரவு ஷிப்டு முடிந்து வரும்போது சூடாகச் சாப்பாடு வையுங்கள். அவன் மேல் தீர்ப்பு எழுதும் வேலை உங்களுடையது அல்ல.

இந்த உவமையைப் பொருந்தாத இடத்தில் யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். அடிக்கும் கணவனோடு இருக்கும் பெண்ணிடம், பொறுத்திரு, இன்னும் ஓர் ஆண்டு பார் என்று சொல்ல இந்த நற்செய்தியில் இடமில்லை. தொழிலாளர் ஒரு மரத்துக்காகப் பரிந்து பேசினார். யாரும் அடிவாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று அனுமதி கேட்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் சகோதரி யாராக இருந்தாலும், முதலில் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். பங்கு இல்லத்தின் கதவு உங்களுக்குத் திறந்திருக்கும். பொறுமையைப் பற்றிப் பிறகு பேசலாம், அதையும் முதலில் உங்கள் கணவரிடம் பேசலாம்.

வெட்டிவிடலாம் என்ற வார்த்தையை நான் மறைக்க மாட்டேன். அது தொழிலாளரின் வாயிலிருந்தே வருகிறது. கேட்டது ஓர் ஆண்டு, முடிவில்லாத ஆண்டுகள் அல்ல. தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். மாமரத்தில் கிளை ஒடிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னையில் குருத்து அழுகினால் மரமே முடிந்தது. நமக்கும் ஒரே உயிர், ஓர் ஆன்மா. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்குப் பார்க்கப் பயந்து அடுத்த உயிர்ப்பு விழாவுக்குத் தள்ளிப்போடும் சகோதரர்களே, மரம் பச்சையாகத்தான் தெரிகிறது. வறட்சி வந்த ஆண்டிலும் தென்னை பச்சையாகவே தெரியும். அதன் கணக்கு அடுத்த மூன்று, நான்கு ஆண்டுக் காய்ப்பில்தான் வரும். செபமின்றி, நற்கருணையின்றி, அண்ணன் தம்பியோடு பேச்சின்றி ஓராண்டு ஓட்டிவிட்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பவர்களுக்கு நான் வருத்தத்தோடு சொல்வது இதுதான்: இன்னும் ஆகவில்லை. அடுத்த மூன்று சனிக்கிழமையும் மாலை ஐந்து மணியிலிருந்து நான் ஒப்புரவுத் தொட்டியில் இருப்பேன். பத்து ஆண்டு ஆனவர்களுக்கும் அதே மன்னிப்புதான்.

அத்திமரம் கடைசியில் காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. தொழிலாளரின் வேண்டுகோளோடு கதை நின்றுவிடுகிறது. உரிமையாளர் சம்மதித்தார் என்றுகூட எழுதப்படவில்லை. அந்த ஓராண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் கதைக்குள் நுழைந்திருக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் இந்த 2025ஐ எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக அறிவித்திருக்கிறார். மண்வெட்டியும் எருக்கூடையும் இப்போது நம் கையில் இருக்கின்றன.

கொரோனா ஆண்டுகளில் உறவை இழந்தவர்களுக்கு இன்னொன்று. தென்னை மரத்தில் பட்ட காயம் ஆறி மூடாது. மற்ற மரங்களைப்போல அதன் தண்டு பட்டை வளர்த்துக் காயத்தை மறைப்பதில்லை. ஏறுவதற்காக வெட்டிய படி அறுபது ஆண்டு ஆனாலும் அப்படியே இருக்கும். பட்டினி கிடந்த ஆண்டில் வளர்ந்த தண்டுப்பகுதி ஒடுங்கிப்போய், என்றைக்கும் ஒடுங்கியேதான் நிற்கும். நான்கு ஆண்டு ஆகிறதே, இன்னுமா அழுகிறாய் என்று உங்களிடம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒடுங்கின இடத்துக்கு மேலே மரம் மறுபடி தேறிப் பாளை விடுவதையும் நம் ஊர்த் தோப்புகளில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இனி, ஏப்ரல் 13 குருத்து ஞாயிற்றைப் பற்றி. அன்று நீங்கள் கையில் பிடிக்கும் குருத்தோலை 2022 அக்டோபர் வாக்கில் மரத்துக்குள் தொடங்கியது. சர்ஜாபுரா சாலையில் படகும் டிராக்டரும் ஓடிய அந்தப் பெருமழை ஆண்டின் ஓலை அது. அதனால் வெட்டப் போகும் இளைஞர்களிடம் சில வேண்டுகோள். காய்க்கத் தொடங்காத தென்னம்பிள்ளையில் கத்தி வைக்காதீர்கள். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அதையும் மேலோடு வெட்டுங்கள், குருத்தின் அடிக்குக் கத்தி போக வேண்டாம். தோப்புக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஓலைக்கீற்று போதும், சிலுவை மடிக்க அதற்கு மேல் வேண்டாம். அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், கோவில் வளாகத்துத் தென்னைகளுக்கு வட்டப்பாத்தி எடுக்கிறோம். மறைக்கல்விப் பிள்ளைகள் எல்லாரும் வரவேண்டும். மண்வெட்டி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். வீட்டில் உரிமட்டை கிடந்தால் எரிக்காமல் சாக்கில் கட்டிக் கொண்டுவாருங்கள், பாத்தியில் புதைப்போம்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.